முப்பத்தெட்டு நாள் விருந்தாளியும் இன்ஜின் இல்லாத வீட்டுக்காரனும்

நாகர்கோவில், மார்த்தாண்டம், தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கு வந்தவர்களுக்குத் திருவனந்தபுரம் விமான நிலையத்தை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மாநிலம் கேரளம் என்றாலும் நமக்கெல்லாம் அதுதான் வீட்டு வாசல்.

அந்த வாசலுக்கு 2025 ஜூன் 14-ம் தேதி ராத்திரி அழையாத விருந்தாளி ஒன்று வந்தது. பிரிட்டனின் எஃப்-35பி போர் விமானம். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பியது, வானிலை மோசமாகிக் கப்பலுக்குத் திரும்ப முடியவில்லை. எரிபொருளும் குறைந்துகொண்டே வர, திருவனந்தபுரத்தில் இறக்கினார்கள். எண்ணெய் போட்டு மறுநாள் அனுப்பிவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கிளம்பும் முன் சோதித்தால் ஹைட்ராலிக் கோளாறு. கப்பலிலிருந்து வந்த ஆட்களால் சரி செய்ய முடியவில்லை. தென்மேற்குப் பருவமழையில் நனைந்தபடி, நம் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைக்காரர்கள் காவல் நிற்க, அது பாட்டுக்குக் கிடந்தது. ஜூலை 6-ம் தேதி பிரிட்டனிலிருந்து ராணுவச் சரக்கு விமானத்தில் தனி நிபுணர் குழு வந்து, அதை ஏர் இந்தியாவின் பராமரிப்புக் கொட்டகைக்கு இழுத்துப் போய் வேலை பார்த்தது. ஜூலை 22-ம் தேதி ஆஸ்திரேலியாவின் டார்வினுக்குப் பறந்து போனது. மொத்தம் 38 நாள்.

நம்ம ஊர் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ஆதார் கார்டு வாங்கியாச்சா, ரேஷன் கார்டு எப்போ என்று ஒரே கிண்டல். கேரளச் சுற்றுலாத் துறையே, இந்த ஊரை விட்டுப் போக மனசில்லை என்று அந்த விமானம் ஐந்து நட்சத்திரம் கொடுத்த மாதிரி ஒரு விளம்பரம் போட்டது. நானும் சிரித்தேன் :-)

சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அதே ரக விமானத்தை நமக்கும் தருகிறோம் என்று அதற்கு நாலு மாதம் முன்புதான், 2025 பிப்ரவரி 13-ம் தேதி, பிரதமர் மோடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டிரம்ப் அறிவித்தார். அதே வாரம் பெங்களூர் எலகங்காவில் நடந்த விமானக் கண்காட்சியில் அமெரிக்காவின் எஃப்-35-ம் ரஷ்யாவின் சு-57-ம் ஒரே இடத்தில் நின்றன. கல்யாண மண்டபத்தில் இரண்டு பெண் வீட்டாரும் ஒரே நேரத்தில் தட்டு வைத்த மாதிரி.

நமக்கு இது ஏன் வேண்டும் என்று முதலில் பார்ப்போம். இந்திய விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்ட போர் விமானப் படையணிகள் 42. 1963-ல் சேர்ந்த மிக்-21 விமானங்கள் 62 வருஷம் உழைத்துவிட்டு 2025 செப்டம்பர் 26-ம் தேதி சண்டிகரில் ஓய்வு பெற்றன. அன்றைக்கு மிச்சம் இருந்தவை 29 படையணிகள். அந்தப் பக்கம் சீனாவிடம் ஐந்தாம் தலைமுறை ஜே-20 விமானம் 2017-லேயே படையில் சேர்ந்துவிட்டது. 40 ஜே-35 விமானங்களைத் தர சீனா முன்வந்திருப்பதாகப் பாகிஸ்தான் அரசு 2025 ஜூனில் சொன்னது. ஐந்தாம் தலைமுறை என்றால் சுருக்கமாக இதுதான்: எதிரியின் ரேடாரில் எளிதில் சிக்காத உடம்பு, வயிற்றுக்குள் மறைத்து வைத்த ஆயுதம், பல கருவிகள் பார்த்ததை ஒன்றுசேர்த்து விமானிக்கு ஒரே படமாகக் காட்டும் கம்ப்யூட்டர் மூளை. எதிரில் நிற்பவனிடம் அது இருந்து நம்மிடம் இல்லாவிட்டால், பெரும்பாலும் அவன் நம்மைப் பார்த்த பிறகுதான் நாம் அவனைப் பார்ப்போம்.

ஆக, தேவை இருக்கிறது. எதை வாங்குவது, எப்படி வாங்குவது என்பதில்தான் எனக்குச் சொல்ல ஒன்று உண்டு.

நான் விமானப்படையில் இருந்தவன் இல்லை. பி.காம். படித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேல் வங்கி வேலை. ஊரில் இருந்தபோது லாரிக்கும் விசைப்படகுக்கும் கடன் கொடுத்தே பாதி சர்வீஸ் போனது. குளச்சல், சின்னமுட்டம் பக்கத்திலிருந்து படகுக் கடன் கேட்டு வருவார்கள். படகின் உடம்பை நம்ம ஊர் ஆசாரிமார் அருமையாகக் கட்டிவிடுவார்கள். இன்ஜின் மட்டும் வெளியிலிருந்து வர வேண்டும். அதில் ஒரு பாகம் போனால், அது வந்து சேரும்வரை படகு கரையில் கிடக்கும், வட்டி மட்டும் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கும். அதனால் எந்தக் கடன் மனு வந்தாலும் நான் மூன்று கேள்வி கேட்பேன். வாங்கும் விலை என்ன? ஓட்டும் செலவு என்ன? ஓடுகிற வண்டியை நிறுத்தும் சாவி யாரிடம் இருக்கிறது? முதல் கேள்விக்கு எல்லோரும் பதில் வைத்திருப்பார்கள். கடன் வாராக்கடனாவது பெரும்பாலும் மூன்றாவது கேள்வியில்தான்.

இதே மூன்று கேள்வியை இந்த விமானங்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

1) அமெரிக்காவின் எஃப்-35

விமானம் பிரமாதம். அதில் சந்தேகமே இல்லை. விலையைக் கேட்டால், திருவனந்தபுரத்தில் நின்ற ரகம் ஒன்று 10 கோடி டாலரைத் தாண்டும். ஓட்டும் செலவு? அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2024-ல் கொடுத்த கணக்குப்படி, அமெரிக்கா வாங்க நினைக்கும் சுமார் 2,500 விமானங்களுக்கு ஆயுள் முழுக்க ஆகும் மொத்தச் செலவு 2 லட்சம் கோடி டாலருக்கு மேல். அதில் 1.58 லட்சம் கோடி வெறும் பராமரிப்பு. 2018-ல் இதே பராமரிப்புக் கணக்கு 1.1 லட்சம் கோடியாக இருந்தது. அதாவது நூறு ரூபாய் செலவழித்தால் எழுபத்தைந்துக்கு மேல் வாங்கிய பிறகு வரும் செலவு. அப்படிச் செலவழித்தும் 2023 மார்ச் கணக்கில் பணிக்குத் தயாராக இருந்தவை பாதிக்குச் சற்று மேல், 55 சதவீதம்.

சாவி யாரிடம்? இங்கேதான் நம் விருந்தாளி பாடம் சொல்கிறது. கோளாறு எந்த விமானத்துக்கும் வரும், அதைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் பிரிட்டன் யார்? எஃப்-35 திட்டத்தில் முதல்நிலைப் பங்காளியாகச் சேர்ந்த ஒரே வெளிநாடு. ஒவ்வொரு விமானத்திலும் மதிப்பில் சுமார் 15 சதவீதம் பிரிட்டனில் செய்யப்படுகிறது. அப்படிப்பட்ட பங்காளியின் விமானமே, தனிக் குழுவும் தனிக் கருவிகளும் வந்து சேரும்வரை மூன்று வாரம் மழையில் நின்றது. உதிரி பாகம், பராமரிப்புத் தகவல், மென்பொருள் எல்லாம் அமெரிக்கா நடத்தும் ஒரே வலையில் ஓடுகிறது. தன் சொந்தக் கருவிகளைப் பொருத்திக்கொள்ளும் விசேஷச் சலுகை இஸ்ரேலுக்குக் கிடைத்தது. நமக்குக் கிடைக்கும் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை.

துருக்கியின் கதையையும் பாருங்கள். அதுவும் பங்காளிதான், பாகங்கள் செய்து கொடுத்துக்கொண்டிருந்த நாடு. ரஷ்யாவிடம் எஸ்-400 ஏவுகணைத் தடுப்பு வாங்கியதற்காக 2019 ஜூலையில் திட்டத்திலிருந்தே வெளியேற்றினார்கள். கொடுத்த 140 கோடி டாலர் போனது, விமானம் வரவில்லை. அதே எஸ்-400 வாங்க நாமும் 2018-ல் ஒப்பந்தம் போட்டோம், 2021 முதல் வந்துகொண்டிருக்கிறது. இது போதாதென்று, பிப்ரவரியில் விமானம் தருகிறேன் என்றவர் 2025 ஆகஸ்டில் நம் சரக்குகள் மேல் 50 சதவீத வரி போட்டார். திருப்பூரில் சொந்தக்காரர் இருப்பவர்களுக்கு அந்த மாதங்கள் ஞாபகம் இருக்கும். ஆறு மாதத்தில் மனம் மாறுகிறவரிடம் முப்பது வருஷத் தவணைக்குக் கையெழுத்துப் போடலாமா? மத்திய அரசும் 2025 ஆகஸ்ட் முதல் தேதி மக்களவையில், இது பற்றி முறையான பேச்சு எதுவும் நடக்கவில்லை என்று பதில் சொன்னது. நல்லதாகப் போயிற்று.

2) ரஷ்யாவின் சு-57

ரஷ்யர்களோடு நமக்குப் பழக்கம் அதிகம், கெடுபிடி குறைவு. தஞ்சாவூரில் 2020 ஜனவரியில் தொடங்கிய சுகோய்-30 படையணியே அதற்கு நல்ல சாட்சி. ரஷ்ய விமானத்தில் நம் தேவைக்கேற்ற கருவிகளை ஏற்றி, இரண்டரை டன் பிரமோஸ் ஏவுகணையையும் மாட்டிப் பறக்கவிட்டிருக்கிறோம். அமெரிக்க விமானத்தில் இப்படி நம் இஷ்டத்துக்குக் கை வைக்க விடமாட்டார்கள். சு-57-ஐ இந்தியாவிலேயே செய்து கொள்ளலாம், தொழில்நுட்பமும் தருகிறோம் என்று ரஷ்யா 2025-ல் சொன்னது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கடையில் நாம் ஏற்கெனவே ஒருமுறை முன்பணம் கட்டியிருக்கிறோம். இதே விமானத்தை அடிப்படையாக வைத்துக் கூட்டாக ஒன்று உருவாக்க 2010 டிசம்பரில் 29.5 கோடி டாலருக்கு ஆரம்ப வடிவமைப்பு ஒப்பந்தம் போட்டோம். இன்ஜின் திருப்தி இல்லை, ரேடாரில் மறையும் திறன் திருப்தி இல்லை, நமக்குக் கிடைக்கும் வேலைப் பங்கும் திருப்தி இல்லை என்று 2018-ல் வெளியே வந்தோம். அதற்குப் பிறகு 2022-ல் உக்ரைன் போர் வந்தது. நாம் கேட்ட ஐந்து எஸ்-400 தொகுதிகளில் மூன்று 2023-க்குள் வந்தன, மற்றவை தாமதமாயின. தன் வீட்டுக்கே அரிசி போதாத கடைக்காரரிடம் நாம் மூட்டைக் கணக்கில் கேட்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. "இந்தியாவிலேயே செய்யலாம்" என்ற வார்த்தைக்கு நாம் ரொம்ப மயங்குகிறோம். சுகோய்-30-இன் இன்ஜினை ஒரிசாவில் கோராபுட்டில் எச்.ஏ.எல். வெகு காலமாகச் செய்கிறது. 2024 செப்டம்பரில் 240 இன்ஜினுக்கு 26,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒப்பந்தமும் போட்டார்கள். ஆனால் அந்த வடிவமைப்பு ரஷ்யாவுடையது. செய்யத் தெரிந்துகொண்டோம், ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பது அவர்களிடமே இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா குழம்புப் பொடியை அரைத்துத் தந்துவிட்டுப் பக்குவத்தைச் சொல்லாமல் விட்ட மாதிரி.

3) நம்முடைய ஆம்கா

பெங்களூரில் வடிவமைக்கப்படும் இரட்டை இன்ஜின் ஐந்தாம் தலைமுறை விமானம். மாதிரி விமானங்கள் செய்ய 2024 மார்ச்சில் சுமார் 15,000 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் கிடைத்தது. 2025 மே மாதம், தனியார் கம்பெனிகளும் போட்டியிட்டுச் செய்யலாம் என்று முறை வகுத்தார்கள். படையில் சேர 2035 வாக்கில் ஆகும் என்று திட்டம். நம் திட்டங்களின் தேதியை நம்பி யாரும் கல்யாண மண்டபம் புக் செய்வதில்லை. தேஜஸ் 1983-ல் தொடங்கி, 2001 ஜனவரி 4-ல் முதலில் பறந்து, 2016-ல்தான் படையில் சேர்ந்தது. முப்பத்து மூன்று வருஷம்.

அந்தத் தேஜஸுக்கு இன்ஜின் அமெரிக்காவின் ஜி.இ. கம்பெனியுடையது. 2021-ல் 99 இன்ஜின் கேட்டோம், முதலாவது வந்தது 2025 மார்ச்சில். சுமார் இரண்டு வருஷத் தாமதம். உடம்பு தயாராகி, இன்ஜினுக்காகத் தொழிற்சாலையில் காத்துக் கிடந்தன விமானங்கள். குளச்சல் படகுக் கதையேதான்!

இது இன்று நேற்று வந்த வியாதியும் இல்லை. ஜெர்மன் வடிவமைப்பாளர் கர்ட் டாங்கை அழைத்து வந்து மாருத் என்ற அருமையான விமானத்தைச் செய்து 1961 ஜூன் 17-ம் தேதி பறக்கவிட்டோம். அதன் உடம்புக்கு ஏற்ற இன்ஜின் கடைசிவரை கிடைக்கவே இல்லை. கிடைத்த சின்ன இன்ஜினோடு ஓட்டி, பிறகு ஓய்வு கொடுத்தோம். ஆம்காவின் முதல் ரகமும் ஜி.இ. இன்ஜினோடுதான் பறக்கப் போகிறது. அறுபது வருஷத்துக்கு மேலாகியும் அதே இடத்தில் நிற்கிறோம்.

அதற்காக நாம் முயலவில்லை என்று சொல்ல முடியாது. 1989-ல் காவேரி இன்ஜின் திட்டம் தொடங்கியது. எடை கூடிவிட்டது, வேண்டிய உந்துவிசை வரவில்லை. 2008-ல் தேஜஸிலிருந்து பிரித்துவிட்டார்கள். மொத்தச் செலவு சுமார் 2,000 கோடி ரூபாய். இதைக் கேட்டதும் "அடப்பாவிகளா, மக்கள் பணம் போச்சே" என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 2016-ல் 36 ரஃபேல் விமானங்களை ஆயுதம், உதிரி பாகம் எல்லாம் சேர்த்துச் சுமார் 59,000 கோடிக்கு வாங்கினோம். ஒன்றுக்கு 1,600 கோடிக்கு மேல். இருபது வருஷத்துக்கு மேல் இன்ஜினுக்காக நாம் செலவழித்தது ஒன்றேகால் ரஃபேல் காசு. அதிலும், பறக்கவிட்டுச் சோதிக்க நம்மிடம் தகுந்த விமானம் இல்லாமல் 2010-ல் காவேரியை ரஷ்யாவுக்குத் தூக்கிப் போய் அவர்கள் விமானத்தில் மாட்டிச் சோதித்தோம். அடுத்தவர் அடுப்பில் சமைத்துப் பழகுகிறவனுக்கு எப்போது கை வரும்?

இப்போது மறுபடியும் திருவனந்தபுரத்துக்கு வாருங்கள். விருந்தாளி நின்ற விமான நிலையத்திலிருந்து நெடுமங்காடு பக்கம் போனால் வலியமலை. அங்கே இஸ்ரோவின் திரவ உந்துவிசை மையம் இருக்கிறது. ராக்கெட் இன்ஜின் செய்கிறவர்கள். 1974-ல் பிரான்ஸ் கம்பெனி ஒன்றோடு இஸ்ரோ ஓர் ஒப்பந்தம் போட்டது. நம் இன்ஜினியர்கள் அங்கே போய் அவர்கள் இன்ஜினுக்காக உழைப்பார்கள், மொத்தம் நூறு மனித-ஆண்டு உழைப்பு. பதிலுக்குத் தொழில்நுட்பம் நமக்கு. அந்தக் குழுவை நடத்தியவர் நம்ம நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணன். (பின்னாளில் பொய் வழக்கில் அவரைப் படுத்திய பாடும், 2018-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு நியாயம் சொன்னதும் உங்களுக்குத் தெரியும்.) அங்கே கற்றுக்கொண்டு வந்து செய்த விகாஸ் இன்ஜின்தான் பி.எஸ்.எல்.வி.யிலும், சந்திரயான்-3 போன ராக்கெட்டிலும் வேலை செய்தது.

கிரையோஜெனிக் இன்ஜின் கதை இன்னும் பாடம். 1991-ல் ரஷ்யா தருவதாக ஒப்புக்கொண்ட தொழில்நுட்பத்தை 1993-ல் அமெரிக்க நெருக்கடியால் தர மறுத்தார்கள், சில இன்ஜின்களை மட்டும் விற்றார்கள். நாமே செய்ய உட்கார்ந்தோம். 2010 ஏப்ரலில் முதல் முயற்சி தோற்றது. 2014 ஜனவரி 5-ம் தேதி ஜெயித்தது. இடைப்பட்ட காலத்தில் என்ன செய்தார்கள்? திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் சொந்தமாகச் சோதனைத் தளம் இருந்தது. எரித்துப் பார்த்தார்கள், உடைந்ததா, திருத்தி மறுபடி எரித்தார்கள். யாரிடமும் தேதி கேட்டு நிற்க வேண்டியிருக்கவில்லை. காவேரிக்கு இல்லாதது அதுதான். அந்த வலியமலை மையத்தின் இயக்குநராக இருந்த, நம்ம குமரி மாவட்டத்துக்காரர் வி. நாராயணன் 2025 ஜனவரியில் இஸ்ரோவின் தலைவரானார்.

ராக்கெட் இன்ஜினும் ஜெட் இன்ஜினும் ஒன்றல்ல என்று தெரியும். ராக்கெட் இன்ஜின் சில நிமிஷம் எரிந்தால் போதும். ஜெட் இன்ஜினின் தகடுகள், தான் உருகும் சூட்டைவிட அதிகச் சூட்டுக் காற்றில் ஆயிரக்கணக்கான மணி நேரம் சுழல வேண்டும். அதைச் சொந்தமாகச் செய்யத் தெரிந்த நாடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். கஷ்டம்தான். ஆனால் கற்றுக்கொள்ளும் வழி ஒன்றுதான், அந்த வழி நம் பக்கத்து ஊரிலேயே போட்டு வைத்திருக்கிறது.

இதை என்னோடு வேலை பார்க்கும் வள்ளியூர்த் தம்பியிடம் சொன்னேன். "அண்ணாச்சி, நீங்க சொல்ற இன்ஜின் வர இன்னும் பத்துப் பதினஞ்சு வருசம் ஆவும். அதுவரைக்கும் எதிரி வந்தா லெட்ஜரைத் தூக்கியா எறிவிய?" என்றான். அவன் கேட்டது நியாயம். பழைய விமானத்தில் ஏறிப் பறப்பது நானோ நீங்களோ இல்லை. சொந்த விமானம் என்றாலே ஆபத்து இல்லை என்றும் ஆகிவிடாது. 2025 நவம்பர் 21-ம் தேதி, துபாய் விமானக் கண்காட்சியில் நம் தேஜஸ் விழுந்து விங் கமாண்டர் நமன்ஷ் ஸ்யால் இறந்தார். குடும்பத்தோடு வேடிக்கை பார்க்கப் போன இங்கத்து ஜனங்கள் கண்முன்னால் நடந்தது. அவர் உடல் முதலில் போய் இறங்கியது நம்ம கோயம்புத்தூர் சூலூர் விமானத் தளத்தில். இதையெல்லாம் மறைத்துவிட்டு "சுதேசி வாழ்க" என்று கோஷம் போட எனக்கு இஷ்டமில்லை.

ஆகவே, கடன் மனுவின் கடைசியில் நாங்கள் எழுதும் பரிந்துரை மாதிரி என் கருத்து:

ஒன்று, எஃப்-35 வேண்டாம். விலைக்காக இல்லை, சாவிக்காக.

இரண்டு, இடைவெளியை நாம் ஏற்கெனவே ஓட்டத் தெரிந்த விமானங்களால் நிரப்பலாம். தேஜஸ் மார்க்-1ஏ 2021-ல் 83, 2025 செப்டம்பரில் 97, ஆக 180-க்கு ஒப்பந்தம் இருக்கிறது. அதை நேரத்துக்கு வாங்குவதே முதல் வேலை. ரஃபேல் கூடுதலாக வேண்டுமென்றால் அதுவும் சரி. பழகிய வண்டி, பழகிய மெக்கானிக்.

மூன்று, விமானப்படை கட்டாயம் வேண்டும் என்றால் மட்டும் சு-57 ஒன்றிரண்டு படையணி. அதற்கு ஒரு நிபந்தனை: ஆம்காவின் பணத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது. தற்காலிகமாக வாங்கியது நிரந்தரமாகி, சொந்தத் திட்டம் பட்டினி கிடப்பதுதான் நம் வழக்கம்.

நான்கு, இன்ஜின். 2025 ஆகஸ்டில் பிரான்சின் சஃப்ரான் கம்பெனியோடு சேர்ந்து இந்தியாவிலேயே இன்ஜின் உருவாக்கப் போவதாகப் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் சொன்னார். சுமார் 61,000 கோடி ஆகும் என்று அந்த வருஷம் செய்திகள் வந்தன. மலைக்காதீர்கள், 36 ரஃபேல் வாங்கிய தொகைக்குக் கிட்டத்தட்ட சமம். இதற்குத் தனிக் கணக்கு திறந்து, வேறு செலவுக்கு எடுக்க முடியாதபடி பூட்ட வேண்டும். வடிவமைப்பின் உரிமை நம் பெயரில் எழுதப்பட வேண்டும். சோதனைத் தளமும் சோதனை விமானமும் இந்தியாவில் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அது இன்னொரு கோராபுட் ஆகிவிடும்.

கடைசியாக, நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டில் நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்ஜினியரிங் படிக்கிறார்கள். எல்லோரும் சாஃப்ட்வேர் பக்கமே போக வேண்டாம். உலோகவியல், வெப்பவியல் என்று ஒரு பையனோ பெண்ணோ ஆசைப்பட்டால் "அதுக்கு என்ன வேலை கிடைக்கும்" என்று தட்டிவிடாதீர்கள். 1974-ல் பிரான்சுக்குப் போனவர்களும் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள்தான். போனார்கள், கற்றார்கள், திரும்பி வந்தார்கள். திரும்பி வந்து வேலை செய்ய ஓர் இடம் இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். அந்த இடத்தை ஏற்படுத்திக் கொடுக்க வேண்டியது அரசாங்கத்தின் பொறுப்பு.

இனிமேல் போர் விமானச் செய்தி கண்ணில் பட்டால் எத்தனை விமானம், எத்தனை கோடி என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். இன்ஜின் யாருடையது என்று எந்தப் பத்தியில் எழுதியிருக்கிறது, தேடுங்கள். பெரும்பாலும் கடைசிப் பத்தியில்தான் இருக்கும். அது முதல் பத்திக்கு வரும் நாளில் நாம் உருப்பட்டுவிட்டோம் என்று வைத்துக்கொள்ளலாம்.